அச்சம் என்னும் சொல்லும் ஓர் அறிஞரின் நாற்பதாண்டும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மூளையியல் அறிஞர் ஒருவரைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று மாணவர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உளவியலும் நரம்பியலும் கற்பித்த பேராசிரியர் ஜோசப் லெடூ எலியின் மூளையை ஆராய்ந்தவரேயன்றி ஏட்டை ஆராய்ந்தவர் அல்லர். ஆயினும் புகழின் உச்சியில் நின்ற வேளையில், தம் ஆய்வுக்கு இடறுகல்லாய்க் கிடந்தது கருவியும் அன்று கணக்கும் அன்று, 'அச்சம்' என்னும் ஒரு சொல்லே என்று அவர் கண்டார். கண்டதோடு நில்லாது, தம்மைப் புகழேற்றிய அச்சொல்லைத் தம் ஆய்விலிருந்து தாமே திரும்பப் பெற்றார். சொல்லும் பொருளும் நம் துறையின் பாடமாதலின் அவர்தம் கல்வி வாழ்வை இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம்.

இறைச்சிக் கடையும் எலிக் கூண்டும்

லெடூ 1949ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானா மாநிலத்தில் யூனிஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்கள் நிறைந்த பகுதி அது. தந்தையார் இறைச்சிக் கடை வைத்திருந்தார். அக்கடையில் சிறுவன் லெடூவுக்கென ஒரு வேலை இருந்தது. மாட்டைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துவது அங்கு வழக்கமாதலின், மூளையை விற்பனைக்கு வைக்குமுன் அதனுள் விரலை விட்டுத் துழாவி ஈயக் குண்டை எடுத்துவிட வேண்டும். உண்பவர் பல்லில் ஈயம் கடிபடலாகாது அல்லவா? பின்னாளில் அவரே இதனை நகைச்சுவையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். இவ்வாறு மூளை என்பது நூலில் கண்ட படமாக அன்றி, வழுவழுப்பும் மடிப்பும் உடைய பொருளாக, முதலில் அவர் விரல்களுக்கே அறிமுகமாயிற்று.

கல்லூரியில் அவர் பயின்றதோ வணிகத் துறை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சந்தையியலில் இளநிலையும், 1974இல் முதுநிலையும் முடித்தார். மக்கள் ஒரு பொருளை ஏன் விரும்பி வாங்குகின்றனர், மற்றொன்றை ஏன் விலக்குகின்றனர் என்னும் வினாவே அவரை உளவியல் வகுப்புகளின் பக்கம் ஈர்த்தது. அங்கே ராபர்ட் தாம்சன் என்னும் பேராசிரியர் எலியின் மூளையில் நினைவு எங்ஙனம் தங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சந்தையியல் மாணவர் ஒருவர் எலிக் கூண்டருகே வந்து நின்றதை அவர் குறையாக எண்ணவில்லை; கையில் கருவியைக் கொடுத்துப் பழக்கினார். வேறு பாடம் படித்து வருபவரைத் தகுதிச் சான்றின் வரிசையெண் கொண்டு அளக்கும் நம் சேர்க்கைக் குழுக்கள் இவ்விடத்தைச் சற்றே நின்று படிக்கலாம்.

பிளவுண்ட மூளை

1974இல் லெடூ நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். வழிகாட்டி மைக்கேல் கசானிகா. கடுமையான வலிப்பு நோயைத் தணிப்பதற்காக மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுத்துவிடும் சிகிச்சை ஒன்று உண்டு. அச்சிகிச்சை பெற்றவர்களை ஆராய்வதில் கசானிகா முன்னோடி. நோயாளிகள் வடக்கே நியூ இங்கிலாந்துப் பகுதியில் இருந்தமையால், ஆய்வுக்கூடமாக மாற்றியமைத்த ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு ஆசிரியரும் மாணவரும் அவர்கள் இருக்குமிடத்துக்கே சென்றனர்.

அந்நோயாளிகளுள் பி.எஸ். என்னும் தலைப்பெழுத்துகளால் மட்டுமே அறியப்படும் ஓர் இளைஞன் உளவியல் நூல்களில் நிலைத்த இடம் பெற்றவன். அவனுடைய இட அரைக்கோளம் மட்டும் காணுமாறு கோழியின் காலையும், வல அரைக்கோளம் மட்டும் காணுமாறு பனி மூடிய காட்சியையும் காட்டினர். பின் பல படங்களைப் பரப்பி, கண்டதற்குப் பொருந்துவதைத் தொடுமாறு கூறினர். வலக்கை கோழியைத் தொட்டது. இடக்கை மண்வாரியைத் தொட்டது. காரணம் கேட்டபோது, பேச்சுக்குரிய இட அரைக்கோளம் பனியைக் கண்டதே இல்லை. எனினும் அது தயங்கவில்லை. கோழிக் கூண்டைத் துப்புரவு செய்ய மண்வாரி வேண்டும் என்று சரளமாக விடை தந்தது. அஃது அவன் வேண்டுமென்று கூறிய பொய் அன்று. தன் உடல் செய்ததற்குத் தானறியாக் காரணத்தை விட்டு, அறிந்த காரணத்தால் ஒரு கதை புனைந்து, அக்கதையைத் தானே நம்பியது மனம்.

மற்றொரு சோதனை லெடூவின் வாழ்வையே திருப்பியது. 'அம்மா', 'சாத்தான்' போன்ற சொற்களை வல அரைக்கோளத்துக்கு மட்டும் காட்டினர். என்ன சொல் என்று பி.எஸ்.ஸின் நாவால் கூற இயலவில்லை. ஆனால் அது நல்லதா தீயதா என்று கேட்டால் பிழையின்றிக் கூறினான். பொருள் கடவாத இடத்தில் அதன் நன்மை தீமை மட்டும் எவ்வழியாகவோ கடந்து சென்றிருக்கிறது! அவ்வழி யாது? 1977இல் பட்டம் பெற்று, 1978இல் கசானிகாவுடன் இணைந்து 'தி இன்டெகிரேட்டட் மைண்ட்' என்னும் நூலை வெளியிட்ட பின்னரும் இவ்வினா அவரை விடவில்லை. மனிதர் மூளையைத் திறந்து வழி தேட முடியாது. எனவே எலியிடம் திரும்பினார்.

கார்னெல் ஆண்டுகள்

1978 தொடங்கி 1989 வரை நியூயார்க் நகரிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில், டொனால்டு ரெய்ஸ் என்பாரின் நரம்புயிரியல் ஆய்வகத்தில் லெடூ பணியாற்றினார். அக்காலத்தில் அறிவியலார் நினைவையும் பார்வையையும் மொழியையும் ஆராய்ந்தனரேயன்றி உணர்ச்சியை மூளையில் தேடியவர் மிகச் சிலரே. உணர்ச்சி அளவைக்கு அகப்படாதது என்பது பொதுக் கருத்து. லெடூ அளவைக்கு அகப்படும் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். பாவ்லோவ் நாய்க்கு மணியோசையையும் உணவையும் இணைத்துக் காட்டியதுபோல, எலிக்கு ஓர் ஒலியையும் இலேசான மின்னதிர்ச்சியையும் இணைத்தார். சில முறைக்குப் பின் ஒலி ஒன்றே போதும். எலி அசைவற்று உறைந்து நிற்கும், இரத்த அழுத்தம் ஏறும்.

இனி அவர் செய்ததே ஆய்வு நெறிக்கு அழகான எடுத்துக்காட்டு என்பது நம் கருத்து. ஒலி காதிலிருந்து நடுமூளை வழியாகத் தலாமசு என்னும் இடைநிலையத்தை அடைந்து, அங்கிருந்து மூளைப் புறணியிலுள்ள கேட்டற்பகுதிக்குச் செல்கிறது. புறணியே பொருளறியும் இடம். ஆகவே அதனை நீக்கினால் எலி ஒலிக்கும் அதிர்ச்சிக்கும் உள்ள தொடர்பைக் கற்காது என்று எவரும் எதிர்பார்ப்பர். நீக்கினார், எலி வழக்கம்போலக் கற்றது. ஆனால் கேட்டலுக்குரிய தலாமசுப் பகுதியைச் சிதைத்தபோது கற்கவில்லை. அப்படியானால் தலாமசிலிருந்து புறணிக்குச் செல்லாத வேறொரு வழி இருந்தாக வேண்டும். நரம்பிழையின் போக்கைக் காட்டும் சாயப்பொருளைச் செலுத்தி அவ்வழியைத் தேடினார். அவ்விழைகள் சென்று சேர்ந்த இடங்களுள் ஒன்று அமிக்டலா. வாதுமைக் கொட்டை போன்ற அதன் வடிவே கிரேக்கச் சொல்லில் பெயராயிற்று. இன்றைய அரபு மொழியும் இதனை 'லவ்ஸா', அதாவது வாதுமை, என்றே வழங்குகிறது. அமிக்டலாவைச் சிதைத்த எலி ஒலி கேட்டு உறையவில்லை.

இரு வழிகள் உள்ளன என்று இதனால் புலனாயிற்று. எலியில் ஒலிச்செய்தி தலாமசிலிருந்து நேரே அமிக்டலாவை அடைய, ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஏறத்தாழ 12 கூறு போதும். புறணி வழியே சுற்றிச் செல்ல ஏறக்குறைய இருமடங்கு ஆகும். முதல் வழி விரைவானது, ஆனால் தெளிவற்றது; இரண்டாவது தாமதமானது, ஆனால் தெளிவானது. காட்டில் நடப்பவர் ஒருவர் வழியில் நெளிந்து கிடப்பதைக் கண்டு துணுக்குற்று நின்று, பின்னரே அது பாம்பா கோலா என்று தெளிவதை 1994இல் எழுதிய கட்டுரையில் லெடூ எடுத்துக்காட்டினார். கயிற்றரவு என்னும் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா.

இப்பெருமை முழுவதும் லெடூவுக்கே உரியது எனல் பொருந்தாது. அதே காலத்தில் வெர்மான்டில் புரூஸ் கேப்பும், ஏல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேவிசும் வேறு முறைகளால் அமிக்டலாவை வந்தடைந்தனர். லெடூவோ எழுதத் தெரிந்தவர். ஆய்வுலகில் அது சிறு வேறுபாடு அன்று.

புகழும் ஒரு மாணவரும்

1989இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நரம்பறிவியல் மையத்துக்கு வந்தார். 1996இல் வெளிவந்த 'தி எமோஷனல் பிரெயின்' அவரைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. அதற்கு ஓராண்டு முன்னரே டேனியல் கோல்மன் எழுதிய 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்னும் நூல் லெடூவின் ஆய்வைத் துணைக்கொண்டு, சினம் வந்தால் அமிக்டலா அறிவைக் கடத்திச் சென்றுவிடுகிறது என்னும் கருத்தை உலகெங்கும் பரப்பிவிட்டது. மேலாண்மை வகுப்புகளில் இன்றும் இதனைக் கேட்கிறோம். அமிக்டலா என்றால் அச்சத்தின் இருப்பிடம் என்பது பாடநூல் வாக்கியமாகிவிட்டது.

இவ்விடத்தில் கரீம் நாதர் என்னும் இளம் ஆய்வாளரைப் பற்றிக் கூறாமல் செல்லலாகாது. ஒருமுறை நிலைபெற்ற நினைவு, கல்வெட்டுப்போல் மாறாது என்பது அன்றைய கொள்கை. நினைவை மீட்டும்போதெல்லாம் அது நெகிழ்ந்து, மீண்டும் புதிதாக எழுதப்பட வேண்டியதாகிறதோ என்று நாதர் ஐயுற்றார். இதனைச் சோதித்தல் காலத்தை வீணாக்குவதே என்று லெடூ அவரிடம் கூறினார். நாதர் சோதித்தார். அஞ்சிய ஒலியை எலிக்கு நினைவூட்டி, உடனே அமிக்டலாவில் புரத ஆக்கத்தைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது, அந்நினைவு பின்னர் வெளிப்படவில்லை. 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்த அக்கட்டுரையில் நாதர், ஷேஃப், லெடூ என மூவர் பெயரும் இருந்தன. லெடூ தாம் தடுத்ததை மறைக்காமல் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். மாணவர் சொல் மெய்யானபோது ஆசிரியர் முகம் சுளிக்காதிருத்தல் எவ்வளவு அரிது என்பதை ஆய்வு மாணவராய் இருந்த அனைவரும் அறிவோம்.

2006இல் பல்கலைக்கழக நண்பர்களுடன் 'தி அமிக்டலாய்ட்ஸ்' என்னும் இசைக்குழுவையும் அமைத்து, மனமும் மூளையும் பற்றிய பாடல்களை இசைத்தார். 2013இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார்.

சொல்லைத் திரும்பப் பெறுதல்

எல்லாம் நிறைந்த அவ்வேளையில்தான் அவர் தம் சொல்லை ஐயுறத் தொடங்கினார். எலி உறைந்து நிற்பதைக் கண்டோம். அதன் குருதியழுத்தத்தை அளந்தோம். அமிக்டலா இல்லையேல் இவை இல்லை என்றும் அறிந்தோம். ஆனால் அது அஞ்சியதை எவர் கண்டார்? அச்சம் என்பது நாம் அகத்தே உணர்வது. உறைதல் புறத்தே நிகழ்வது. இரண்டுக்கும் ஒரே பெயரை இட்டுவிட்டு, ஒன்றின் காரணத்தைக் கண்டதும் மற்றதன் காரணத்தையும் கண்டுவிட்டதாக எண்ணினோம். 1996 நூலிலேயே உணர்வையும் உணர்வறியாச் செயலையும் அவர் வேறுபடுத்தியிருந்தார். எனினும் 'அச்ச மண்டலம்' என்னும் தொடரைத் தளர்வாக வழங்கியதால், படித்தவர் வேறுபாட்டை மறந்து தொடரை மட்டும் கொண்டனர். குழப்பத்தில் தம் பங்கும் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டார்.

2012இல் 'நியூரான்' இதழில் எழுதிய கட்டுரையில், விலங்கின் இத்தகைய செயல்களுக்கு உணர்ச்சிப் பெயர்களை இடாமல், உயிர் பிழைத்தலுக்குரிய சுற்றுகள் என்றே கூற வேண்டும் என்றார். 2014இல் தேசிய அறிவியற் கழக இதழில் அச்சம் என்னும் சொல்லையே ஆய்வுப் பொருளாக்கினார். 2015இல் அமிக்டலா மூளையின் அச்ச மையம் அன்று என்று தலைப்பிலேயே மறுத்து ஒரு சிறு கட்டுரை வரைந்தார். தம் பெயரோடு உலகம் பிணைத்துவிட்ட வாக்கியத்தைத் தாமே அடித்துவிடுவது எளிய செயல் அன்று.

சான்றுகளும் சேர்ந்துகொண்டிருந்தன. அச்சுறுத்தும் படத்தைக் கண் அறியாத விரைவில் காட்டினால், ஒருவர் உடல் எதிர்வினை புரிகிறது, அமிக்டலாவும் தூண்டப்படுகிறது. ஆனால் தமக்கு அச்சம் ஏதும் தோன்றவில்லை என்கிறார். மறுதலையாக, நோயால் இருபக்க அமிக்டலாவும் சிதைந்த மூவரைக் கரியமில வாயு கலந்த காற்றை மூச்சிழுக்கச் செய்தபோது, அவர்கள் பேரச்சத்துக்கு ஆளாயினர். இஃது 2013இல் வெளியான ஆய்வு. அமிக்டலா இயங்கியும் அச்சம் இல்லை. அமிக்டலா இன்றியும் அச்சம் உண்டு. 2017இல் தத்துவ அறிஞர் ரிச்சர்டு பிரவுனுடன் சேர்ந்து, அச்ச உணர்வு புறணியில், 'எனக்கு இடர் நேர்கிறது' என்னும் தன்னறிவோடு உருவாகிறது என்னும் கொள்கையை லெடூ முன்வைத்தார். வாதுமைக் கொட்டை அதற்கு வேண்டிய சரக்குகளுள் ஒன்றைத் தருகிறது, அவ்வளவே.

இது வெறும் சொற்பூசல் என்று ஒதுக்குவோர் மருத்துவத்தை நோக்குதல் வேண்டும். மனப்பதற்றத்துக்கு உரிய மருந்துகளைப் பெரும்பாலும் எலியிடமே முதலில் சோதிக்கின்றனர். மருந்துண்ட எலி முன்னினும் துணிந்து திறந்த வெளியில் நடமாடினால், அதன் பதற்றம் தணிந்தது என்று எழுதுகின்றனர். அம்மருந்தை உண்ட மனிதர், முன்பு அஞ்சி விலகிய விருந்துக்குச் செல்கிறார். ஆனால் உள்ளே பதற்றம் அப்படியே இருக்கிறது. மருந்து பொய்க்கவில்லை. நடத்தையை மாற்றும் மருந்து நடத்தையை மாற்றியது. உணர்வை மாற்றும் என்று அதனிடம் எதிர்பார்க்க வைத்தது ஒரு சொல். 2015இல் வந்த 'ஆங்ஷஸ்' என்னும் நூலிலும், மருத்துவர் டேனியல் பைனுடன் 2016இல் எழுதிய கட்டுரையிலும் லெடூ இதனை வற்புறுத்தினார். எதிர்வினைக்கு ஒரு சிகிச்சையும் உணர்வுக்கு வேறொரு சிகிச்சையும் வேண்டும் என்பது அவர் முடிவு. நோயாளியின் வாய்ச்சொல்லை மருத்துவர் மீண்டும் செவிமடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

மறுப்போரும் உளர். எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜாக் பாங்செப், எலியைக் கூச்சங்காட்டினால் மனிதச் செவிக்கு எட்டாத ஒலியில் அது சிரிக்கிறது என்று காட்டியவர். விலங்குக்கும் உணர்வு உண்டென்று 2017இல் மறையும் வரை வாதிட்டவர். மைக்கேல் ஃபான்சலோ, அச்சம் என்பதைக் கைவிட்டால் உணர்வையும் செயலையும் இணைக்கும் ஒன்றையே கைவிடுகிறோம் என்றார். எலிக்கு உணர்வே இல்லை என்று லெடூ சொல்லவில்லை. உறைந்து நிற்பதைக்கொண்டு அதனை அறிய இயலாது என்றே சொன்னார். யார் பக்கம் வழக்கு வெல்லும் என்று தீர்ப்புரைக்க நமக்குத் தகுதியில்லை. நாய் வளர்த்த எவரும் பாங்செப்பின் பக்கமே சாய்வர் என்பது மட்டும் தோன்றுகிறது.

தமிழில் எழுதும்போது

இனி நம் துறைக்குரிய செய்தி. லெடூவைத் தமிழில் தர முற்படுவோர், உடலில் தோன்றும் எதிர்வினைக்கு 'மெய்ப்பாடு' என்னும் சொல்லை உடனே நாடுவர். தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாட்டுள் அச்சமும் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அதற்கு நிலைக்களம். அன்றே மூளையியல் கண்டோம் என்று மேடையில் முழங்கவும் சிலர் முற்படக்கூடும். நாம் அதற்கு உடன்படோம். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு காண்போர்க்குப் புலனாமாறு மெய்யில் வெளிப்படுவது. அகமும் புறமும் பிரியாதிருத்தலே அச்சொல்லின் உயிர். கவிதைக்கு அதுவே வேண்டும். லெடூவோ அவ்விரண்டையும் பிரித்தவர். அகம் அறியாமலே மெய் எதிர்வினை புரியும் என்றவர். அவருடைய எலிக்கு மெய்ப்பாடு என்று எழுதினால், அவர் நாற்பதாண்டு உழைத்து அவிழ்த்த முடிச்சை ஒரே சொல்லால் மீண்டும் இட்டுவிடுவோம்.

'அச்சம்' என்பதோ நம் மொழியில் பெரும்பரப்புடைய சொல். குறளில் தீவினையச்சம் ஓர் அதிகாரம். அவையஞ்சாமை மற்றோர் அதிகாரம். வெருவந்த செய்யாமை இன்னோர் அதிகாரம். நம் வீடுகளில் தக்வா என்பதை இறையச்சம் என்கிறோம். பள்ளிவாசலின் வரிசையில் அமைதியாக நிற்பவர் எவரும் உறைந்து நிற்பதில்லை. இரத்த அழுத்தம் ஏறுவதும் இல்லை. அரபு மொழியில் இடருக்கு அஞ்சுதல் கவ்ஃப்; பெருமையை அறிந்து அஞ்சுதல் கஷ்யத். இத்தனைக்கும் ஒரு வாதுமைக் கொட்டையைக் காட்டி 'இதோ அச்சத்தின் இருப்பிடம்' என்று எழுதினால் படிக்கும் மாணவர் எதை எண்ணுவர்?

எனவே அறிவியற் பாடநூல்களைத் தமிழாக்கும் நண்பர்களுக்கு ஒரு கருத்தை முன்வைக்கிறோம். அமிக்டலாவின் படத்தின் கீழ் 'இடருணர் பகுதி' என்று எழுதலாம். எலியின் செயலைத் 'தற்காப்பு எதிர்வினை' எனலாம். அச்சம் என்னும் சொல்லை, 'அஞ்சினேன்' என்று தன்மையில் கூறவல்லவர்க்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதனினும் பொருத்தமான சொற்களை மாணவர்கள் ஆக்கித் தந்தால் அடுத்த மலரில் மகிழ்வுடன் வெளியிடுவோம்.